நோய் மீனுக்கா? நீருக்கா?



மூன்று வெள்ளி மீனுக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அந்த மீனை முன்வைத்து நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் நடக்கின்ற தவறு மூன்று வெள்ளியோடு முடிந்துவிடுவதன்று. அதைச் சொல்லும் முன்பு, என் மீதே குற்றம் சாட்டிக்கொண்டு தொடங்குகிறேன். பிறரைக் குறை கூறும் தகுதி அப்போதுதான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மூன்றாம் ஆண்டு வகுப்பின் அறிவியல் மூலையில் ஒரு சண்டை மீன் இருந்தது. பாசார் மாலாமில் வாங்கிய நீல நிற ஆண் மீன். பழைய ஜேம் போத்தல் ஒன்றே அதன் வீடு. பிள்ளைகள் அதற்கு ‘வீரா’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஒரு வாரப் பள்ளி விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது வீரா போத்தலின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. துடுப்புகள் உடலோடு ஒட்டிச் சுருங்கியிருந்தன. வாலின் ஓரம் கிழிந்து, கரைந்து போயிருந்தது. கடைக்காரர் கொடுத்த நீல மருந்தை அளவு பாராமல் ஊற்றினேன். பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய சற்று நேரத்தில் வீரா இறந்துவிட்டது.

பிள்ளைகள் அழுவார்களே என்று எண்ணினேன். அன்றிரவே அதே நிறத்தில் இன்னொரு மீனை வாங்கி, மறுநாள் விடியற்காலையில் போத்தலில் விட்டேன். “மருந்து வேலை செய்துவிட்டது” என்று வகுப்பில் அறிவிக்கவும் செய்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருவன் மட்டும் தட்டவில்லை. ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து நின்றான்.

“ஐயா, வீராவுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இருந்துச்சு. இதுக்கு இல்லையே. வீரா எங்கே ஐயா?”

என்னால் விடை சொல்ல இயலவில்லை. ஒரே நாளில் இரண்டு பொய்ப் பாடங்களை நடத்தி முடித்திருந்தேன். நோயுற்ற உயிருக்கு மருந்தை ஊற்றினால் போதும் என்பது முதல் பொய். ஓர் உயிர் போனால் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி வைத்துவிடலாம் என்பது இரண்டாவது பொய். முப்பது பிள்ளைகள் அவற்றை நம்பினார்கள். ஒருவன் மட்டுமே மீனை உண்மையாகவே பார்த்திருக்கிறான்.

‘போத்தல் போதும்’ என்னும் பொய்

“சண்டை மீனுக்குப் போத்தல் போதும். அது வயலில், சேற்றில், மாட்டுக் குளம்புத் தடத்தில்கூட வாழும்.” இதைச் சொல்லாத கடைக்காரர் இல்லை, நம்பாத பெற்றோரும் இல்லை. எனவே இதிலிருந்தே தொடங்குவோம்.

வயலும் சதுப்பும் ஆழம் குறைந்தவை என்பது மெய்தான். ஆனால் அவை பரந்து விரிந்தவை. அங்கே செடி கொடிகள் உண்டு, மழை உண்டு, கழிவைச் சிதைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது சிறு குட்டைகளில் அது சிக்கிக்கொண்டு உயிர் பிழைப்பதும் உண்டு. அது பேரிடரில் உயிர் பிழைப்பது, வாழ்வதன்று. வெள்ளத்தில் கூரையின் மேல் இரண்டு நாள் அமர்ந்திருந்த குடும்பத்தைக் காட்டி, “மனிதனுக்குக் கூரை போதும், வீடு வேண்டியதில்லை” என்று யாராவது சொல்வார்களா?

இரண்டாவது வாதம் மூச்சைப் பற்றியது. சண்டை மீனுக்குச் செவுள்களோடு, நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை நேரடியாக உள்ளிழுக்கும் தனி உறுப்பும் உண்டு. ஆகவே ‘எந்த நீரிலும் இருக்கும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இங்கேதான் அறிவியல் கற்பிக்கும் நாமே அறிவியலில் வழுக்கி விழுகிறோம். அந்த உறுப்பு ஆக்சிசன் குறைந்த நீரில் மீனைக் காப்பாற்றும். நஞ்சு கலந்த நீரிலிருந்து காப்பாற்றாது. செவுள்கள் எந்நேரமும் அந்த நீரிலேதான் நனைந்துகொண்டிருக்கின்றன. புகை மண்டிய அறையில் ஒருவரை அடைத்துவிட்டு, “அவருக்குத்தான் உண்ண உணவு இருக்கிறதே” என்று சொல்வதைப் போன்றதே இவ்வாதம்.

கடையில் போத்தலில்தானே வைத்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது வாதம். கடைப் போத்தல் விற்பனைக்கான பொட்டலம். முட்டை அட்டையில் வருகிறது என்பதற்காக அட்டையைக் கோழியின் வீடு என்று கொள்வோமா?

தெளிந்த நீர் தூய நீரன்று

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்வழி வெளியேற்றுகிறது. அதன் எச்சமும் உண்ணாமல் விட்ட உணவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. முறையாகப் பேணப்படும் தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது தீங்கு குறைந்தது. நீரை அவ்வப்போது மாற்றி அதைக் குறைத்துவிடலாம். இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

ஜேம் போத்தலில் வடிகட்டி ஏது? அரை லிட்டர் நீரில் சேரும் அதே கழிவு பத்து லிட்டரில் சேர்ந்தால், நஞ்சின் அடர்த்தி இருபதில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய வகுத்தல் கணக்கு இது. நமக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை?

அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் அது கொல்லும் அளவுக்கு இருக்கலாம். கெத்தாப்பாங் இலை போட்டுத் தேநீர் நிறத்தில் இருக்கும் நீரில் அது அறவே இல்லாமலும் இருக்கலாம். நீர் வெதுவெதுப்பாகவும் காரத்தன்மை மிகுந்தும் இருந்தால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு கூடுகிறது. நண்பகலில் நம் வகுப்பறைச் சன்னலோரம் எவ்வளவு சூடாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்!

குழாய் நீரையும் கவனிக்க வேண்டும். நாம் குடிப்பதற்காகக் கலக்கப்படும் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோராமின் அப்படி எளிதில் வெளியேறாது. சிங்கப்பூரின் குழாய் நீரில் இருப்பது குளோராமின்தான். எனவே அங்குள்ள நண்பர்கள் ‘ஒரு நாள் வைத்து ஊற்றினேன்’ என்று நிம்மதி கொள்ளலாகாது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் போத்தலில் குறித்த அளவில் சேர்ப்பதே இரு நாடுகளிலும் பாதுகாப்பான வழி. குளோராமினையும் நீக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மருந்துப் போத்தலை முதலில் நீட்டாதீர்

என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். மீன் சோர்ந்தவுடன் நம் கை மருந்துக்குப் போகிறது. நீரைப் பார்ப்பதில்லை. வால் அழுகல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் எல்லா நீரிலும் இருப்பவைதாம். உடல் வலிமையோடு இருக்கும் மீனை அவை ஒன்றும் செய்வதில்லை. கெட்ட நீரில் கிடந்து தோலும் செவுளும் புண்பட்ட மீனையே அவை தாக்குகின்றன. அந்த நீரை அப்படியே வைத்துக்கொண்டு மருந்தை ஊற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

அம்மட்டோ? நாம் ஊற்றும் மருந்துகளில் சில, கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகின்றன. மெத்திலீன் நீலம் அத்தகையது. நுண்ணுயிர்க்கொல்லிகளோ இன்னும் கவலைக்குரியவை. என்ன நோய் என்று தெரியாமல், அளவும் தெரியாமல், இரண்டு நாள் ஊற்றிவிட்டு நிறுத்துவது மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களை வளர்த்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போன முறை மிஞ்சிய மாத்திரையைத் தேடும் வீடுகள் நம்மிடையே இல்லையா? அப்பழக்கத்தின் முதல் பாடம் இந்த மீன் போத்தலில்தான் நடக்கிறது என்பேன்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்புப் பரல்களைத் தூவியது போன்ற வெண்புள்ளி, பொன் துகள் படிந்தது போன்ற மஞ்சள் பூச்சு ஆகியவை ஒட்டுண்ணி நோய்கள். இவற்றுக்கு உரிய மருந்து தேவை. நீரை மாற்றுவது மட்டும் போதாது. வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழத்தோல் போலச் சிலிர்த்து நின்றால், உள்ளுறுப்பு பழுதாகிவிட்டது என்று பொருள். அதிலிருந்து மீள்வது அரிது. செதில் சிலிர்க்காமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் அளவு மீறிய உணவே காரணம். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சிட்டிகை உணவு போட்டால் அந்தச் சிறு வயிறு என்ன செய்யும்?

இப்படி வேறுபடுத்திப் பார்க்கக் கற்பிப்பதுதான் அறிவியல். நிறம் பார்த்து மருந்தை ஊற்றுவது அறிவியலன்று.

நோயுற்ற மீனுக்குச் செய்ய வேண்டியவை

குறை கூறிவிட்டு வழி காட்டாமல் போவது முறையன்று. நானும் என் மாணவர்களும் கடைப்பிடித்து வருபவற்றைக் கீழே தருகிறேன்.

1. முதலில் நீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும்.

2. சோதனைப் பெட்டி இல்லையென்றாலும் காத்திருக்க வேண்டா. குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒரு வாரத்திற்கு மாற்றுங்கள். பாதி நீரை மாற்றினால் இருக்கும் நஞ்சு பாதியாகும். மறுநாளும் பாதியை மாற்றினால் கால் பங்காகும். அன்றன்று சேரும் புதிய கழிவு வேறு உண்டு என்பதால்தான் நாள்தோறும் மாற்றச் சொல்கிறேன்.

3. முழு நீரையும் ஒரே வேளையில் கொட்டி மாற்றாதீர்கள். வெப்பமும் அமிலத்தன்மையும் திடீரென மாறினால், நோய் கொல்லாத மீனை அந்த அதிர்ச்சி கொன்றுவிடும்.

4. அடியில் கிடக்கும் எச்சத்தையும் மிஞ்சிய உணவையும் சிறு குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஒரு நாள் உணவை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் அதைத் தாங்கும்.

5. நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்கட்டும். குளிரூட்டியின் நேர் எதிரிலும் வெயில் விழும் சன்னலிலும் வைக்காதீர்கள். கண்ணாடியையும் இன்னொரு சண்டை மீனையும் அதன் பார்வையிலிருந்து அகற்றுங்கள். நோயாளிக்கு அமைதி வேண்டும்.

6. நன்கு காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். அது நீரைச் சற்றே அமிலமாக்கும். நம்மூர்ச் சாலையோரங்களில் கொட்டிக் கிடக்கும் இலைதான். ஆனால் புகையும் பூச்சிமருந்தும் படாத மரத்தடியில் பொறுக்குங்கள். இலை நீர் மாற்றத்திற்குத் துணையே; மாற்று அன்று.

7. இவ்வளவுக்குப் பிறகும் தேறவில்லை என்றாலோ, ஒட்டுண்ணி நோய் என்று தெரிந்தாலோ, மீனைத் தனிக் கலத்தில் விட்டு, அந்நோய்க்குரிய மருந்தைக் குறித்த அளவில், குறித்த நாள் வரை கொடுங்கள். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் இருந்தால் கேளுங்கள்.

8. தேறிய மீனை மீண்டும் போத்தலில் விடாதீர்கள்! குறைந்தது பத்து லிட்டர் தொட்டி, மெல்ல நீர் ஓடும் பஞ்சு வடிகட்டி, சில செடிகள், துள்ளி வெளியே விழாமல் ஒரு மூடி ஆகியவை இருந்தால் போதும்.

எதிர்ப்போருக்குச் சில சொற்கள்

“மூன்று வெள்ளி மீனுக்கு இவ்வளவு செலவா சார்?” என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மூன்று வெள்ளி என்பது நாம் கொடுத்த விலை. மீனின் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. செலவு செய்ய இயலாதென்றால் வாங்க வேண்டா. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. மீன் இல்லாத அறிவியல் மூலையில் பச்சைப் பயறு முளைக்க வையுங்கள். அதுவும் உயிர்ப் பாடம்தான்.

“ஆசிரியருக்கு நேரமேது?” என்பர் சிலர். அறிக்கைகளும் கூட்டங்களும் நம்மை விழுங்கிக்கொண்டிருப்பது உண்மை. ஆனால் நீரை மாற்றும் பணியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாரத்திற்கு இருவர் பொறுப்பு. அளப்பது கணிதம், சோதிப்பது அறிவியல், நாள்தோறும் நான்கு வரி குறிப்பெழுதுவது தமிழ். பள்ளி விடுமுறையில் எவர் வீட்டுக்கு மீன் செல்லும் என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டு மீனை வாங்குங்கள். என் வீரா இறந்தது அந்த ஒன்றை நான் எண்ணிப் பாராததால்.

“வளர்க்க முடியவில்லை என்றால் லோங்காங்கில் விட்டுவிடலாமே” என்பவர்களும் உளர். கூடாது! கடைகளில் விற்பது தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட இனத்திலிருந்து மனிதன் வளர்த்தெடுத்த வகை. தாய்லாந்து 2019-ஆம் ஆண்டில் அம்மீனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்துப் பெருமை செய்தது. நம் மலேசிய மண்ணுக்கென்று வேறு இனங்கள் உண்டு. 1975-இல் அறிவியல் பெயர் பெற்ற ‘பெட்டா இம்பெல்லிஸ்’ அவற்றுள் ஒன்று. இம்பெல்லிஸ் என்றால் போர்க்குணம் அற்றது என்று பொருள்; சண்டை மீன் குடும்பத்தில் அப்படியொரு பெயர்! சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டில் மட்டுமே வாழும் ‘பெட்டா லிவிடா’ 1992-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. இன்று அது அழிவின் விளிம்பை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. கடை மீனை வடிகாலில் விட்டால், அது நோயையும் கலப்பையும் நம் மண்ணின் மீன்களிடம் கொண்டு சேர்க்கும்.

சிறுவர் தின விழாவிலும் விளையாட்டுச் சாவடிகளிலும் நெகிழிப் பையில் மீனைப் பரிசளிக்கும் வழக்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். நிறுத்துங்கள். அன்று பரிசு பெறும் பிள்ளை அடுத்த வாரம் ஒரு மரணத்தைப் பெறுகிறது.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாம் வகுப்பில் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். பிற உயிரின் நடுக்கம் தன்னைத் தொட்டது என்பதே அவன் பெருமை. ஆனால் இரக்கத்தோடு அறிவும் சேர வேண்டிய காலம் இது. மயிலுக்குப் போர்வை தேவையா என்று கேட்கும் மாணவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். மீனுக்கு மருந்து தேவையா, நீர் தேவையா என்று கேட்கப்போவது அவன்தான்.

அந்தக் கேள்விக்கு விடை

சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்ட மாணவனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அன்றிரவு உறங்கவும் இல்லை. மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். வீரா இறந்துவிட்டது, நான் மறைத்தேன், நீரைக் கவனிக்காதது என் தவறு என்றேன். சில பிள்ளைகள் அழுதார்கள். கேட்டவன் அழவில்லை. “அப்போ இந்த மீனுக்கு வேற பேர் வைக்கணும் ஐயா” என்றான். அவனே ‘செழியன்’ என்று பெயர் வைத்தான்.

செழியனும் மூன்றாவது வாரம் சோர்ந்தது. அப்போதும் போத்தலில்தான் இருந்தது. தொட்டிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். இம்முறை நண்பர் ஒருவரிடம் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கி, பிள்ளைகள் முன்னிலையில் நீரைச் சோதித்தோம். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. கண்ணுக்குத் தெளிந்து தெரிந்த அதே நீர்! வகுப்பே வாயடைத்து நின்றது. மருந்து ஒரு துளியும் ஊற்றவில்லை. மேற்சொன்னபடி நாள்தோறும் நீரை மாற்றினோம். ஐந்தாம் நாள் மேலெழுந்து உணவெடுத்தது. சில வாரங்களில் கரைந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய புதுத் தோல் வளர்ந்தது. பெற்றோர் சிலரின் உதவியால் தொட்டியும் வந்தது. அதன்பின் செழியன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, முதுமையில் இறந்தது. அன்று அதே நிறத்தில் வேறொரு மீனை நான் தேடிப் போகவில்லை. பள்ளித் தோட்டத்தில் புதைத்தோம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் மீன் நாளை சோர்ந்து கிடந்தால், மருந்துக் கடைக்கும் மீன் கடைக்கும் ஓடும் முன்பு ஒரு வாளி நல்ல நீரை ஆயத்தம் செய்யுங்கள். அது பிழைக்காமல் போனால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். அழட்டும். பொய்யான கைதட்டலைவிட உண்மையான அழுகை அப்பிள்ளையை நல்ல மனிதனாக்கும்.

சிந்திப்போம். முதலில் நீரை மாற்றுவோம்.